வெள்ளை வீரனா? கரிசல் சிட்டா?

ராஜபாளையம் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன? நூல் மில்களா? ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணியா? கோடையில் வந்து குவியும் சப்பட்டை மாம்பழமா? அல்லது 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜாவா? எல்லாமே அந்த ஊரின் பெருமைகள்தாம். ஆனால் சென்ற மாதம் என் அக்கா வீட்டில் அந்தப் பெயர் அடிபட்டதெல்லாம் ஒரே காரணத்துக்காகத்தான். அதற்கு நாலு கால், ஒரு வால்!

அக்கா குடும்பம் சென்னையில் அடுக்குமாடி வீட்டை விட்டுவிட்டு, புறநகரில் ஒரு கிரவுண்டு மனையில் தனி வீடு கட்டிக்கொண்டு போயிருக்கிறது. அத்தான் உத்தியோக நிமித்தம் மாதத்தில் பத்து நாள் வெளியூர். வீட்டில் அக்கா, அவளுடைய மாமியார், ஆறாவது படிக்கும் பெண் ஆகிய மூன்று பேர்தாம். பக்கத்து மனைகள் இரண்டும் காலி. ராத்திரி கேட் சத்தம் கேட்டால் மூவருக்கும் தூக்கம் போய்விடுகிறது. "ஒரு நாய் வளர்த்தால் என்ன?" என்று பேச்சு எழுந்தது. எழுந்த அன்றைக்கே குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"காவலுக்கு ராஜபாளையந்தான்" என்றார் அத்தான். "கறுப்பி மாதிரி நாய்தான் வேண்டும்" என்றாள் பெண். 2018-ல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கறுப்பியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதவள் அவள். மாமியாருடைய கட்சி மூன்றாவது: "எனக்கு இரண்டு வேளை காப்பி போடவே உங்களுக்கு நேரமில்லை. நாய் வேறா?"

தென்கோடிக்கு ஒரு பிரயாணக் கட்டுரை எழுதவேண்டிய வேலை எனக்கும் இருந்தது. அக்காவையும் கூட அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மலையடிவாரத்து வெள்ளை

எழும்பூரில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் மேற்கே மலைத்தொடர் கூடவே வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு, அடுத்தாற்போல் ராஜபாளையம். சஞ்சீவி மலை ஊருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. அதற்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை, காலை வெயிலில் நீலமாக.

விஜயநகர ஆட்சிக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் நிலைகொண்ட ஊர் இது. அவர்களோடு சேர்த்தே இந்த நாயின் கதையையும் சொல்லுகிறார்கள். மலையடிவாரத்து வயல்களில் இறங்கும் காட்டுப் பன்றியை எதிர்த்து நிற்பதும், தோட்டத்தையும் பண்ணை வீட்டையும் காப்பதுந்தான் இதன் பரம்பரைத் தொழில்.

நாங்கள் போன வீட்டில் முற்றத்துத் திண்ணையில் ஒன்று படுத்திருந்தது. பால் வெள்ளை. மூக்கு ரோஜா நிறம். கண்கள் தேன் நிறம். காது மடிந்து தொங்குகிறது. எழுந்து நின்றதும்தான் அதன் உயரம் தெரிந்தது. தோள் வரைக்கும் அளந்தால் அறுபத்தைந்து, எழுபது சென்டிமீட்டர் இருக்கும். நம் சாப்பாட்டு மேஜையைவிடக் கொஞ்சந்தான் தாழ்வு. குரைக்கவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பார்வை போதும். அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். "நாயைப் பார்க்காதீங்க. என்னைப் பார்த்துப் பேசுங்க. அதுவா வந்து மோந்து பார்த்துட்டுப் போயிடும்" என்றார். அப்படியே நடந்தது. மோந்து பார்த்துவிட்டு, அந்த அம்மாளின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆனால் நாங்கள் அங்கே இருந்த ஒரு மணி நேரமும் அது கண்ணை மூடவில்லை.

"வீட்டு ஆளுங்ககிட்டே குழந்தை மாதிரி. வெளி ஆளு தொடுறது இதுக்குப் பிடிக்காது. ஒருத்தரைத்தான் எஜமானா வச்சுக்கிடும். அவங்க சொன்னாக் கேட்கும். மத்தவங்க சொன்னா யோசிச்சுத்தான் கேட்கும்" என்று அந்த அம்மாள் சொன்னபோது, 'எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் உண்டு' என்று அக்கா என் காதில் முணுமுணுத்தாள்.

இந்த வெள்ளை நிறத்துக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. வாங்குகிறவர்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் காதின் உட்பகுதியிலும் இருந்தாகவேண்டும். முழு வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சிலவற்றுக்கு அவை அங்கே இல்லாமல் போய்விடுகின்றன. அதனால் ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்துவந்தால் இந்தக் கோளாறு இன்னும் தலையெடுக்கும். குட்டி தூங்கும்போது அதன் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். தரை அதிரக்கூடாது, காற்றும் படக்கூடாது. காது அசைகிறதா, விழிக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். சந்தேகமிருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

இரண்டு மாதக் குட்டிகள் நாலு, பந்து பந்தாக உருண்டுகொண்டிருந்தன. அக்காவின் பயம் போன இடம் தெரியவில்லை. ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "இதையே எடுத்துக்கொள்ளலாமா?" என்றாள்.

அந்த அம்மாள் உடனே விலை சொல்லவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார். வீட்டில் யார் யார்? சுவர் எவ்வளவு உயரம்? பகலில் யார் இருப்பார்கள்? வந்து போகிறவர்கள் எத்தனை பேர்?

"சாயங்காலம் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பதினைந்து குழந்தைகள் வரும்" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் குட்டியை அக்காவின் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். "அப்போ இது உங்க வீட்டுக்கு ஒத்து வராதும்மா. தினம் பதினைந்து பிள்ளைங்க கேட்டைத் திறந்துக்கிட்டு ஓடிவந்தா, இது என்ன நினைக்கும்? அதோட வேலையைத்தான் அது செய்யும். அப்புறம் நீங்க பயந்து, சாயங்காலம் ஆனாச் சங்கிலியில கட்டுவீங்க. கட்டிப்போட்டா இதுக்குக் கோபம் ஏறும். ஒரு பிள்ளை மேலே பல்லு பட்டுடுச்சின்னா, அந்தப் பிள்ளைக்கும் கஷ்டம், எங்க குட்டிக்கும் ஆயுசு முடிஞ்சது."

வியாபாரம் வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

கரிசலில் ஓடும் நிழல்

ராஜபாளையத்திலிருந்து கிழக்கும் தெற்குமாகப் பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் உலகம் மாறிவிடுகிறது. மலை பின்னால் போய் மறைகிறது. மண் கறுக்கிறது. பருத்தி, மக்காச்சோளம், இடையிடையே சீமைக் கருவேல். தூரத்தில் தீப்பெட்டி ஆபீஸ்களும் பட்டாசு ஷெட்டுகளும். கண்ணுக்கு எட்டிய மட்டும் மறைப்பு என்பதே கிடையாது.

இந்தத் திறந்தவெளிதான் சிப்பிப்பாறை நாயை உருவாக்கியது. மோப்பம் பிடித்துப் போகும் ஜாதியல்ல இது. கண்ணால் பார்த்துத் துரத்தும் ஜாதி. அரை மைல் தூரத்தில் ஒரு முயல் காதை அசைத்தால் இதற்குத் தெரிந்துவிடும். அதற்கேற்ற உடம்பு: கூரிய முகம், ஆழமான மார்பு, ஒரு பிடியில் அடங்கும் இடுப்பு, நீண்ட கால், சாட்டை மாதிரி வால். செவலை, சாம்பல், கறுப்பு என்று பல நிறங்களில் உண்டு. இதன் நெருங்கிய உறவு கன்னி. பெரும்பாலும் கறுப்பு உடம்பு. கால்களிலும் முகத்திலும் பழுப்பு. கல்யாணமாகிப் புகுந்த வீடு போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த நாய் என்பதால் 'கன்னி' என்று பெயர் வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சிப்பிப்பாறை என்பது ஓர் ஊரின் பெயர். நாய் புகழ் பெற்றதும் ஊர்ப் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. ஊரென்னவோ எப்போதும்போல் ஆடும் மாடுமாக, வேப்பமரத்து நிழலில் அமைதியாகத்தான் இருக்கிறது. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்று. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"சோறு போடுவதில்லையா?" என்று கேட்டுவிட்டாள் அக்கா.

பெரியவர் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் கேக்காக, தாயி. இது குதிரைச் சாதி. விலாவு ரெண்டு மூணு தெரியணும். தெரியலைன்னாத்தான் கெடுதி. டவுன்காரக வாங்கிட்டுப் போயி, பாலும் பிஸ்கோத்தும் போட்டு உருட்டிவிட்டுருதாக. பெறகு மூட்டு வலி, மூச்சு எளைப்பு."

முயல் வேட்டையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம். இப்போ புடிச்சாக் கேசு" என்றார். உண்மைதான். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டு முயல் வேட்டை குற்றம். அதில் மறு பேச்சுக்கு இடமில்லை. நாயின் தொழில் போய்விட்டது. ஆனால் நூற்றுக்கணக்கான வருஷம் கால்களில் ஊறிய ஓட்டம் போகவில்லையே! நகரத்தில் இந்த நாயை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் யோசிக்கவேண்டியது இதைத்தான்.

பெரியவர் வாயால் ஒரு சத்தம் கொடுத்தார். பெட்டை புறப்பட்டது. கால் தரையில் பட்டதாகவே தெரியவில்லை. கரிசல் காட்டின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டது. அரை நிமிஷம் ஆகியிருக்குமா? அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வாயடைத்துப் போயிருந்தாள்.

"இதைக் கொண்டுபோயி வீட்டுக்குள்ள வச்சா யாரு தாயி இது கூட ஓடுவா?" என்று கேட்டார் பெரியவர். எங்களிடம் பதில் இல்லை.

எது யாருக்கு?

இரண்டையும் பார்த்தாயிற்று. இனிக் குடித்தனக்காரர்களின் கண்ணோடு கணக்குப் போடுவோம்.

*காவல்:* இதில் ராஜபாளையத்துக்குத்தான் முதல் மார்க். இடத்தைத் தன்னுடையதென்று எண்ணிக் காக்கும் குணம் அதன் ரத்தத்தில் ஊறியது. சிப்பிப்பாறையும் அந்நியர் வந்தால் குரல் கொடுக்கும். விலகி நின்று கவனிக்கும். ஆனால் மேலே விழுந்து மடக்குவதில் அதற்கு அவ்வளவு ஆர்வமில்லை.

*வந்து போகிறவர்கள்:* டியூஷன், தையல், பாட்டு வகுப்பு, அடிக்கடி உறவினர் கூட்டம் என்று கேட் ஓயாத வீட்டுக்கு ராஜபாளையம் ஏற்றதல்ல. தோப்பு வீடு, பண்ணை வீடு, ஆள் நடமாட்டம் குறைந்த பெரிய மனை, இவற்றுக்கு அது ராஜா.

*ஓட்டம்:* இரண்டுக்கும் வேண்டும். சிப்பிப்பாறைக்கு அது சோறு மாதிரி. காலையிலும் மாலையிலும் நல்ல நடை. வாரத்தில் சில நாளாவது சுற்றுச்சுவருள்ள மைதானத்தில் அவிழ்த்துவிட்டு ஓட்டம். திறந்த ரோட்டில் சங்கிலியை விட்டுவிடாதீர்கள். எதிரே பூனை ஓடினால், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. எதிரே வரும் லாரியும் அதன் கண்ணில் படாது.

*சுவர்:* இரண்டுமே நான்கடிச் சுவரைச் சுலபமாகத் தாண்டும். ஆறடியாவது வேண்டும்.

*பிற பிராணிகள்:* பூனை, கோழி, முயல் வளர்க்கும் வீட்டில் இரண்டுமே சங்கடம்.

*முதியவர்கள்:* ராஜபாளையம் ஒரு இழுப்பு இழுத்தால் வயதானவர்கள் விழுந்துவிடுவார்கள். சிப்பிப்பாறை எடை குறைவு. வீட்டுக்குள் சாதுவாகச் சுருண்டு கிடக்கும். ஆனால் வெளியே அழைத்துப் போகும் கை இளையவர் கையாகத்தான் இருக்கவேண்டும்.

*வெயிலும் குளிரும்:* இரண்டுமே நம் வெயிலுக்குப் பிறந்தவை. ராஜபாளையத்தின் ரோஜா நிறத் தோலுக்கு உச்சி வெயிலில் நிழல் வேண்டும். சிப்பிப்பாறைக்குக் கொழுப்பு இல்லாததால் கடும் குளிர் ஆகாது. ஏ.ஸி. அறையில் ஒரு பழைய போர்வையைக் கொடுங்கள். அதுவே போர்த்திக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்.

*அடுக்குமாடி வீடு:* ராஜபாளையம் கூடாது. லிப்ட்டில் அந்நியரோடு நெருக்கி நிற்பது அதற்கும் கஷ்டம், அந்த அந்நியருக்கும் கஷ்டம். தினம் இரண்டு வேளை கிளம்பும் கால்கள் வீட்டில் இருந்தால் சிப்பிப்பாறையை யோசிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டும் வேண்டாம். காலை எட்டு மணிக்குப் பூட்டி ராத்திரி எட்டு மணிக்குத் திறக்கும் வீட்டுக்கு எந்த நாயும் வேண்டாம்.

ஒரு மாதப் பரீட்சை

ஊர் திரும்பியதும் அக்கா வீட்டில் பெரிய மகாநாடு நடந்தது. அத்தான் கட்சி டியூஷன் குழந்தைகள் விஷயத்தில் தோற்றது. "அப்படியானால் கறுப்பி!" என்று குதித்தாள் பெண்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "நாய் இல்லாமலே முதலில் ஒரு மாதம் நாய் வளர்ப்போம். காலை ஐந்தரைக்கு எழுந்து நாற்பது நிமிஷம் நடந்துவிட்டு வரவேண்டும். சாயங்காலமும் அதே. மழையானாலும் சரி, பரீட்சையானாலும் சரி. அப்பா ஊரில் இருந்தால் அப்பா, இல்லாவிட்டால் நானும் நீயும். நாய்க்கு ஆகும் சாப்பாட்டுச் செலவையும் வைத்தியச் செலவையும் தினம் ஒரு டப்பாவில் போடவேண்டும்."

முதல் வாரம் உற்சாகம். இரண்டாவது வாரம் அத்தானுக்கு இடுப்பு வலி வந்தது. மூன்றாவது வாரம் மழை. பெண் குடையைப் பிடித்துக்கொண்டு தாயாரை இழுத்துக்கொண்டு போனாள். மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "போகிறதுதான் போகிறீர்கள், நானும் தெருமுனை வரைக்கும் வருகிறேன்" என்றாராம். மாதம் முடிந்ததும் கொத்தனார் வந்து சுவரை ஆறடிக்கு உயர்த்த ஆரம்பித்துவிட்டார். கேட்டுக்கு உட்பக்கம் இரண்டாவதாக ஒரு கதவு, டியூஷன் நேரத்துக்கு. பொங்கலுக்குப் பிறகு சாம்பல் நிறப் பெட்டைக் குட்டி ஒன்று வரப்போகிறது.

உங்கள் வீட்டிலும் இந்தப் பரீட்சையை நடத்திப் பாருங்கள். ஒரு காசு செலவில்லை. தேறாவிட்டாலும் நஷ்டமில்லை; ஒரு நாய் தெருவுக்கு வராமல் தப்பிக்கும்.

வாங்கும்போது

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ம் வருஷத்து நாய் இனவிருத்தி விதிகள் சொல்லுகின்றன. இனவிருத்தி செய்து விற்பவர்கள் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி, பெட்டியில் குட்டியை வரவழைக்காதீர்கள். நேரில் போங்கள். தாயைப் பாருங்கள். தாய் பயந்து பதுங்குகிறதா, நிதானமாக இருக்கிறதா என்பதிலேயே குட்டியின் சுபாவம் பாதி தெரிந்துவிடும்.

வந்தவுடன் கால்நடை டாக்டரிடம் காட்டி, பூச்சி மருந்தும் தடுப்பூசிகளும் போடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் கெடு தவறாமல் போட்டுவாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சி உரிமமும் பெறவேண்டும். முதல் நாலு மாதத்துக்குள் குட்டிக்குக் குழந்தைகள், குக்கர் சத்தம், மோட்டார் சைக்கிள், தபால்காரர் எல்லாவற்றையும் மெல்ல மெல்லப் பழக்கிவிடுங்கள். பின்னால் அதட்டிப் பழக்குவதற்கு இது எவ்வளவோ மேல். சாதத்தோடு முட்டை, வேகவைத்த கறி, தயிர் கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம்; சாம்பார் சாதம் போடும் பழக்கமுள்ளவர்கள் இதை மறக்கவேண்டாம்.

ராஜபாளையம் நாயின் படம் 2005-ல் தபால் தலையில் வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். 2024-ல் தமிழ்நாடு அரசு நாய் இனவிருத்திக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. நம் ஊர் நாய்க்கு மதிப்பு வந்ததில் சந்தோஷந்தான். ஆனால் மதிப்பு ஏறியதும் ஆசை ஏறுகிறது. ஆசையில் வாங்கிய நாய் ஆறு மாதத்தில் பாரமாகிவிடுகிறது. வெள்ளை நாய் மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் குரைத்துக் குரைத்துத் தொண்டை வற்றுகிறது. கரிசலில் பறந்த கால்கள் பால்கனியில் பத்தடிக்கு இப்படியும் அப்படியும் நடக்கின்றன.

ஆகவே சகோதரிகளே, எந்த நாய் அழகு என்று கேட்காதீர்கள். இரண்டுமே அழகுதான். 'எந்த நாய்க்கு என் வீடு பொருந்தும்?' என்று கேளுங்கள். பெண்ணைக் கொடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டை நாலு தடவை விசாரிக்கிறோம் அல்லவா? வாயில்லா ஜீவன் அப்படி விசாரித்துக்கொண்டு வர முடியாது. அதற்கும் சேர்த்து நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.